நொடிக்குப் பன்னிரண்டு ஃபிரேம்

உல்சான்
8 டிசம்பர் 2013

கியோங்தேக்கு,

உன் கடிதம் வந்தது. "நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன். குளிர் அதிகம்." மூன்றே வரி. இதைக் கொண்டுவந்து சேர்க்க ராணுவத் தபாலுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது. தந்தி அடிக்கிறவன்கூட உன்னைவிட நாலு வார்த்தை கூடப் பேசுவான்.

நான் ஜொன்ஜுவை விட்டு இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. பல் ஆஸ்பத்திரி வேலை பரவாயில்லை. கப்பல் கட்டும் தளத்து ஆட்கள்தான் அதிகம் வருகிறார்கள். மலைமாடு மாதிரி இருக்கிறவர்கள் ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார்கள். கூட வேலை செய்யும் அக்காமார் மூன்று பேருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டில் டியூஷன் பேச்சுதான். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடிக்கிறேன். அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. சனிக்கிழமை மாலை நம் ஆன்லைன் விளையாட்டுக் குழு கோட்டைப் போருக்குக் கூடும்போதுதான் என் குரலை நானே கேட்கிறேன். அதற்கும் இப்போது கேடு வந்திருக்கிறது.

நீ ராணுவத்துக்குப் போகுமுன் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறேன். ஜொன்ஜுவில் திரை ஓரத்து எண் அறுபதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. இங்கே பன்னிரண்டு. நொடிக்கு அறுபது ஃபிரேம் படம் ஓடிய பெட்டியில் பன்னிரண்டு ஓடினால் எப்படி விளையாடுவது? நான் அடிபட்டவனுக்கு மருந்து போடுகிறேன். அது திரையில் போய்ச் சேர்வதற்குள் ஆள் செத்துக் கிடக்கிறான். போன வாரம் என்னை நம்பி முன்னால் போன ஒன்பது பேரும் காலி. நம் தலைவர் பியோன், வாண்டோவில் கடற்பாசி வியாபாரம் செய்கிற மனிதர், கோபப்பட்டு நாம் பார்த்ததே இல்லை. அவரே மைக்கில், "சொன்ஜு, தூங்கிட்டியாம்மா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

நான் எதையும் கெடுக்கவில்லை. வீடு மாறும்போது எல்லா ஒயரையும் நானே கழற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, இங்கே வந்து நானே திரும்பச் செருகினேன். ஒருத்தரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. எல்லா விளக்கும் எரிகிறது, படமும் வருகிறது. என்ன செய்ய, சொல். பிசி பாங்கில், அந்த கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையில், இரண்டு வருஷம் வேலை பார்த்து நூற்றிருபது பெட்டிக்கு வைத்தியம் செய்தவன் நீ.

சொன்ஜு


கங்வொன், மலைமேல்
17 டிசம்பர் 2013

சொன்ஜுவுக்கு,

மூன்று வரி எழுதியதற்கு மன்னித்துவிடு. இங்கே நான் கடைக்குட்டி. எங்கள் அறையில் பதினொரு பேர், பத்து பேரும் எனக்கு சீனியர். தொலைபேசி ஒன்றுதான், அதன் முன்னால் நிற்க எனக்கு இன்னும் நாலு மாதம் ஆகும். கம்ப்யூட்டர் அறையில் போய் உட்கார்ந்தால், "ஐயாவுக்கு ஆபீஸ் வேலையா?" என்று கேட்பார்கள். அதனால் பேனாதான் கதி.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகக் கேள். பிசி பாங்கில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். ஆகவே நான் சொல்வதை மட்டும் செய். செய்து, எண் எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுது. பிறகு அடுத்ததைச் சொல்கிறேன்.

முதலில் தூசி. பெட்டியை அணைத்துவிட்டு இடது பக்கத் தகட்டைக் கழற்று. உள்ளே மூன்று மின்விசிறி இருக்கும். உலர்ந்த தூரிகையால் இறக்கையை ஒவ்வொன்றாகத் துடை. சுற்றவிடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள். கிராபிக்ஸ் கார்டு தெரியும் இல்லையா, அடியில் படுக்கையாக இருக்கும் நீளமான பலகை, அதன் விசிறியையும் துடை. பிறகு அரைமணி நேரம் விளையாடிவிட்டு அந்தக் கார்டின் மேல் கை வைத்துப் பார். சுடுகிறதா, இல்லையா என்று எழுது.

சீனியர் தாக் என் பக்கத்துப் படுக்கை. ராணுவத்தானைக் கைவிடும் காதலிகளைப் பற்றிச் சொல்வார்களே, அந்த மாதிரி அவனுடைய காதலி போன மாதம் ரப்பர் செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இன்னொருவனோடு போய்விட்டாள். நான் உனக்கு எழுதுவதைப் பார்த்துவிட்டு, "எழுது, எழுது. நானும் ஏழு மாசம் எழுதினவன்தான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருந்திருக்காது.

எண்ணை மறக்காமல் எழுது.

கியோங்தே


உல்சான்
29 டிசம்பர் 2013

கியோங்தேக்கு,

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். உனக்குக் காய்ச்சலா?

தூசி தட்டினேன். ஒரு கோழிக்குஞ்சு செய்கிற அளவுக்கு வந்தது. அன்று முழுக்கத் தும்மினேன். எண் பதின்மூன்று. கார்டின் மேல் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. அது நல்லதுதானே? சூடானால்தான் கெட்டது என்று நீ ஒரு தடவை சொல்லியிருக்கிறாய்.

தாக் சொன்னதற்கெல்லாம் சிரிக்காதே. அவன் கதை அவனுக்கு, நம் கதை நமக்கு.

இன்னொரு விஷயம். குழுவில் புதிதாக மோக் என்று ஒருவர் சேர்ந்திருக்கிறார். புசானில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடையில் இருக்கிறாராம். "ஒரு மணி நேரம்தான், பஸ் ஏறி வந்து பாத்துத் தரட்டா? காப்பி மட்டும் குடுத்தா போதும்" என்றார். தலைவரும், "வரச் சொல்லும்மா, நம்ம பொழப்பு நாறுது" என்றார். நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். தபாலில் வைத்தியம் பார்க்கிறவனை அவர்கள் கேள்விப்பட்டதில்லையாம்.

அடுத்து என்ன?

சொன்ஜு


கங்வொன்
6 ஜனவரி 2014

சொன்ஜுவுக்கு,

அந்தப் பெட்டியை வேறு யாரும் திறக்க வேண்டாம். நான் பொறாமையில் சொல்லவில்லை. கடைக்காரர்கள் ஒன்றைச் சரிசெய்யும் சாக்கில் நல்ல சாமானைக் கழற்றி மட்டமானதைப் போட்டுவிடுவார்கள். எத்தனை பேர் பிசி பாங்குக்கு வந்து எங்களிடம் அழுதிருக்கிறார்கள் தெரியுமா? அதுவும் காப்பிக்காக பஸ் ஏறி வருகிறவர் என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும்.

அடுத்தது டிரைவர். கார்டை இயக்கும் மென்பொருளை முழுசாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். தனித் தாளில் வரிசையாக எழுதியிருக்கிறேன், பதினான்கு படி. அவசரப்படாதே. ஒவ்வொரு படிக்கும் பெட்டியை அணைத்துத் திரும்பப் போடு. அது சரிப்படவில்லை என்றால் விளையாட்டின் அமைப்பில் நிழல், மரம், மழை எல்லாவற்றையும் குறைத்துப் பார். ஆனால் முதலில் டிரைவர் மட்டும். அதன் எண்ணை எழுதிவிட்டு, ஒரு வாரம் விட்டு மற்றதைச் செய்.

இங்கே வானத்திலிருந்து விழும் வெள்ளைக் குப்பையை, அதுதான் பனியை, மூன்று நாளாக அள்ளிக்கொண்டிருக்கிறோம். அள்ளி முடித்துத் திரும்பிப் பார்த்தால் முதலில் அள்ளிய இடம் மறுபடி மூடியிருக்கிறது. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு உன்னை நினைத்தேன். உன் அறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, மேஜை சுவரோரமா ஜன்னலோரமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்காத அறையில் நீ இருக்கிறாய் என்பது என்னவோ செய்கிறது. அடுத்த கடிதத்தில் எழுது.

கியோங்தே


உல்சான்
19 ஜனவரி 2014

கியோங்தேக்கு,

மேஜை ஜன்னலோரம். ஜன்னலைத் திறந்தால் ஒரு வறுத்த கோழிக்கடையின் முதுகு தெரியும். போதுமா?

உன் பதினான்கு படிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. எண் பன்னிரண்டு. ஒரு வாரம் பொறுத்து மற்றதைக் குறைத்தேன். மரங்கள் காணாமல் போயின. நிழல் போயிற்று. என் ஆளின் தலைமுடிகூட ஏதோ சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஆகிவிட்டது. எண் பதினெட்டு. இவ்வளவு அசிங்கத்துக்கு இந்த ஆறுதானா?

சரி, கேலி இருக்கட்டும். நேற்று தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மனிதர் சுற்றி வளைத்து, கடற்பாசி விலையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். பெட்டி சரியாகிறவரை நான் கோட்டைக்கு வெளியே காத்திருக்க வேண்டுமாம். "கோவிச்சுக்காதம்மா, பசங்க முணுமுணுக்கிறானுங்க" என்றார். சரி என்றேன். சரி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? நேற்று மாலை அவர்கள் எல்லோரும் உள்ளே சண்டை போட்டார்கள், நான் வெளியே மதிலோரம் நின்றேன். போர்ப் பேச்சில் நான் குறுக்கே வரக்கூடாது என்று மைக்கை வேறு அலைவரிசைக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். அங்கே என்னைத் தவிர யாருமில்லை.

இதைப் போய்ப் பெரிதாக எழுதுகிறாளே என்று நினைக்காதே. இந்த ஊரில் வாரத்துக்கு ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அவர்கள்தான். நீ இருந்தால் நான் அவர்களைத் தேடியிருக்க மாட்டேன். நீ இல்லை. அது உன் தப்பில்லை, ராணுவத்துக்குப் போகாமல் யாரும் தப்ப முடியாது. ஆனாலும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பெட்டியின் ஒவ்வொரு திருகையும் நீதான் முறுக்கினாய். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே உனக்குத் தெரியும். உண்மையில் கோளாறு என்ன என்று நினைக்கிறாய்? உனக்கும் புரியவில்லை என்றால் அப்படியே எழுது. நான் மோக்கை வரச் சொல்கிறேன்.

சொன்ஜு


கங்வொன்
2 பிப்ரவரி 2014

சொன்ஜுவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்குமுன் எழுந்து போய் பெட்டியை அணை. பின்பக்கத்தை உன் பக்கம் திருப்பு. திரையிலிருந்து வரும் கேபிள் மேலே, மவுஸ் செருகும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். அதைப் பிடுங்கு. கீழே, அடியில் படுக்கையாக இருக்கும் பலகையில் அதே மாதிரித் துளை ஒன்று இருக்கும். அதில் செருகு. அவ்வளவுதான். அரை நிமிட வேலை.

மேலே செருகினாலும் படம் வரும், ஆனால் கிராபிக்ஸ் கார்டு சும்மா தூங்கும். வீடு மாறுகிறவர்களில் பாதிப் பேர் செய்கிற தப்பு இது. எல்லா ஒயரையும் நானே திரும்பச் செருகினேன் என்று உன் முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்த வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கார்டு சில்லென்று இருக்கிறது என்றாய், அதற்குப் பிறகு சந்தேகத்துக்கே இடமில்லை. தெரிந்துகொண்டேதான் உன்னைத் தூசி தட்டவிட்டேன். அந்தப் பதினான்கு படியில் எட்டு படி நானாகச் சேர்த்தது.

காரணத்தை அழகாகச் சொல்ல எனக்கு வராது. அரை நிமிட வேலையை எழுதியிருந்தால் நீ ஒரு வரியில் நன்றி எழுதிவிட்டு, அறுபது ஃபிரேமில் அவர்களோடு போயிருப்பாய். ஒரு கோளாறு இருக்கிறவரை நீ எனக்கு எழுதித்தான் ஆக வேண்டும். உன் கடிதம் வருகிற நாளில் நான் மனிதனாக இருக்கிறேன். வராத நாளில் தாக்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அடுத்தது நான்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

முந்தாநாள் சந்திரப் புத்தாண்டு அன்று அரிசிக் கேக் சூப் கொடுத்தார்கள். அன்று காலைதான் உன் கடிதம் வந்தது. நீ மதிலோரம் தனியாக நின்றாய் என்று படித்த பிறகு சூப் இறங்கவில்லை. உன்னை அங்கே நிற்க வைத்தது பெட்டியல்ல, நான்தான்.

24ஆம் தேதி எனக்கு முதல் விடுப்பு, ஐந்து நாள். 25ஆம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு உல்சான் பஸ் நிலையத்தில் இருப்பேன். நீ வர வேண்டும். வந்து, மீதியிருக்கும் பதினேழு மாதமும் எனக்காகக் காத்திருப்பேன் என்று சத்தியம் செய். அது ஒன்று கையில் இருந்தால் போதும், இந்த மாதிரித் திருட்டு வேலையெல்லாம் செய்ய மாட்டேன்.

கியோங்தே


உல்சான்
9 பிப்ரவரி 2014

கியோங்தேக்கு,

அறுபத்து நான்கு.

மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே மாற்றிச் செருகினேன். விளையாட்டைத் திறந்து, குறைத்ததையெல்லாம் பழையபடி ஏற்றினேன். மரங்கள் எல்லாம் திரும்ப வந்திருந்தன. என் ஆளின் தலைமுடி காற்றில் ஆடியது. அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்துவிடாதே.

குழுவில் என் இடத்தில் வேறொரு பெண்ணைச் சேர்த்துவிட்டார்கள். நன்றாகவே மருந்து போடுகிறாள். தலைவர் வருத்தப்பட்டார், இரண்டாம் வரிசையில் ஏதாவது பார்க்கலாம் என்றார். கேபிள்தான் கோளாறு என்று சொன்னேன். மோக், "அத யாராவது முதல் நாளே சொல்லியிருப்பாங்களே" என்றார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

எட்டு வாரம், கியோங்தே. எனக்குப் பேச ஆளில்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். அதைப் படித்துவிட்டு, இருந்த கொஞ்சநஞ்சத்தையும் பிடுங்கி வைத்துக்கொண்டாய். உன் பயத்துக்கு என் சனிக்கிழமைகளைத் தின்னக் கொடுத்தாய். "பயமா இருக்கு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் தினம் ஒரு கடிதம் போட்டிருப்பேன். அந்த வரிக்கு உனக்குக் கை வரவில்லை, பதினான்கு படி எழுத வந்தது.

வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. வா என்றும் எழுத மாட்டேன்.

சொன்ஜு


கங்வொன்
1 மார்ச் 2014

சொன்ஜுவுக்கு,

திரும்பி வந்துவிட்டேன். பத்துப் பேரும் சுற்றி நின்று, "என்னடா, செருப்பு நேராத்தான் இருக்கா?" என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். அப்புறம் யாரும் கிண்டல் செய்யவில்லை. தாக் தன் பங்கு பிஸ்கட்டை எடுத்து என் பக்கம் தள்ளினான்.

பஸ் நிலையத்தில் ஐந்து மணி ஆனதும் நீ வர மாட்டாய் என்று முடிவு செய்தேன். ஆனாலும் நகர முடியவில்லை. ஐந்தரைக்கு நீ ஆஸ்பத்திரி உடுப்போடு வந்தாய். வேலை முடிந்து நேரே ஓடி வந்திருப்பாய் என்று நினைத்தேன். "சாப்பிட்டியா?" என்றாய். இல்லை என்றேன். பன்றி சூப் சாப்பிட்டோம். நீ ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது பேச வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் ஒரு வரிகூட வரவில்லை. உன் அறைக்கு வந்து பெட்டியின் பக்கம் கை நீட்டினேன். "அதத் தொடாத" என்றாய். நீ சொன்னது நியாயம். பெட்டியைத் தொட்டிருந்தால் நான் அதைப் பற்றித்தான் பேசியிருப்பேன். அப்புறம் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சத்தியம் கேட்கத்தான் வந்தேன், கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது.

அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எனக்கு பயமாக இருக்கிறது. தினமும் இருக்கிறது. நீ இருக்கிற ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் கடல் காற்று அடிக்கும் போலிருக்கிறது. உன் மேஜையில் பாதி தின்ற ஆரஞ்சு இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஜோடி செருப்பு. அதைப் பார்த்தபோது, இவள் எவ்வளவு தனியாக இருக்கிறாள், நான் இவளை என்ன செய்துவிட்டேன் என்று நினைத்தேன். இங்கே காவல் கோபுரத்தில் நிற்கும்போது ஜன்னலோர மேஜையை இப்போது என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. நினைக்க நினைக்க அங்கே இருக்க வேண்டும் போலிருக்கிறது. வேறு எதுவும் வேண்டாம், அந்த அறையின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் போதும்.

பெட்டியில் இனி ஏதாவது கோளாறு வந்தால் மோக்கைக் கூப்பிடு. நல்ல ஆளாகத்தான் இருப்பார். எனக்கு எழுத உனக்கு ஒரு காரணமும் மிச்சம் வைக்கவில்லை. எழுதுவதானால் எழுது.

கியோங்தே


உல்சான்
9 மார்ச் 2014

கியோங்தேக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அக்காமாரில் ஒருத்தி எட்டிப் பார்த்து, "யார் கடுதாசி?" என்று கேட்டாள். என் ஆள் ராணுவத்தில் இருக்கிறான் என்றேன். அவள் புருஷனும் அந்தக் காலத்தில் கங்வொன் மலையில்தான் இருந்தானாம். ஒரு மணி நேரம் பேசினாள். இப்போது மத்தியானச் சாப்பாட்டில் என்னையும் இழுத்து வைத்துக்கொள்கிறாள். டியூஷன் பேச்சு அலுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

நான் வேலை முடிந்து ஓடி வந்தேன் என்று எழுதியிருக்கிறாய். இல்லை. அன்று அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். இரண்டரை மணிக்கே பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் ரொட்டிக்கடையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். நீ இறங்கியதைப் பார்த்தேன். எட்டு வாரம் என்னைக் காக்க வைத்தவன் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று இருந்தேன். முதல் ஒரு மணி நேரம் ஆத்திரத்தோடு பார்த்தேன். அப்புறம் ஆத்திரம் போய்விட்டது, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இளைத்திருந்தாய். ஒவ்வொரு பஸ் வரும்போதும், நான் இந்த ஊரிலேயே இருக்கிறேன் என்பதை மறந்து, இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் தேடினாய். மடையா. எழுந்து வர வேண்டும் என்று நாலு தடவை நினைத்தேன். வந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் ஒன்றும் பேசாததற்கும் அதுதான் காரணம்.

நீ செய்ததை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று இப்போது எழுதினால் அது பொய்.

பதினேழு மாதம் காத்திருப்பேன் என்று சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாய். செய்ய மாட்டேன். பதினேழு மாதம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். இன்றைக்கு உனக்காகக் காத்திருந்தேன். நாளைக்கும் காத்திருப்பேன். உனக்கு இது போதுமா என்று எழுது.

சொன்ஜு